கோலாலம்பூரிலிருந்து வந்த திருடன்

சென்ற பள்ளி விடுமுறையில், கேமரன் மலையில், பட்டப்பகலில், நான் எழுதிய கட்டுரையைத் திருடக் கோலாலம்பூரில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள், காரணம் இருந்தது.

தேயிலைத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துக்கொண்டே, ஐம்பதை நெருங்கும் வயதில் தொலைதூரக் கல்வியில் பட்டம் படிக்கிறேன். கடைசிக் கட்டுரையை அன்று மாலை ஐந்து மணிக்குள் ஏற்றியாக வேண்டும். தவறினால் அந்தப் பாடத்தை முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் இணையதளத்துக்குள் நுழைய வி.பி.என். என்றொரு வழி. அதற்கு அப்போதுதான் புதிதாக ஒரு காவல் போட்டிருந்தார்கள். கணினியில் கடவுச்சொல்லை அடித்தால் மட்டும் போதாது. நம் போனும் ‘நீங்கள்தானா?’ என்று கேட்டுவிட்டுத்தான் விடும்.

லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்து, சொன்னபடி எல்லாவற்றையும் பொருத்தினேன். கடவுச்சொல்லை அடித்ததும் போன் அதிர்ந்தது. கோலாலம்பூரிலிருந்து ஒருவர் உங்கள் கணக்கில் நுழைய முயல்கிறார், நீங்கள்தானா?

நான் இருப்பது மலையில். ‘இல்லை’ என்று அழுத்தினேன். மறுபடி முயன்றேன். மறுபடியும் அவன். நான் நுழையும் அதே நொடியில் அவனும் நுழைகிறான் என்றால், எங்கிருந்தோ என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெர்ரிக் கடை வைத்திருக்கும் மனைவி சாப்பிட வந்தவள், விஷயத்தைக் கேட்டாள்.

“கே.எல்.காரன் நம்மகிட்ட ஸ்ட்ராபெர்ரி வாங்கத்தான் வருவான். நீங்க எழுதுனதத் தூக்கிட்டுப் போயி என்னா செய்வான்?”

நியாயமான கேள்விதான். இருந்தாலும் வலித்தது.

நான் விடாமல் ‘இல்லை’ அழுத்தியதில் கணக்கே பூட்டிக்கொண்டது. மணி நாலைத் தாண்டிவிட்டது. பல்கலைக்கழக உதவிப் பிரிவுக்குப் போன் செய்தேன். நல்லவேளை, எடுத்தவர் ஒரு தமிழ்ப் பெண். திருடன் கதை முழுவதையும் சொன்னேன்.

“அங்கிள், நீங்க எப்பெப்ப உள்ள போறீங்களோ, அப்பப்பதான் அவனும் வர்றானா?”

“ஆமாம்மா. அவ்ளோ கில்லாடி.”

அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

“உங்க வீட்டு இன்டர்நெட் லைன் கே.எல். வழியாத்தான் வெளிய வருது அங்கிள். அதான் அந்த ஊரு பேரக் காட்டுது. பூட்ட எடுத்துட்டேன். இந்த வாட்டி ‘ஆமா’ன்னு அமுக்குங்க லா.”

அமுக்கினேன். கட்டுரை ஐந்துக்குள் ஏறும் வரை அவர் போனை வைக்கவில்லை.

“திருடன் மாட்டிக்கிட்டானா?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“மாட்டிக்கிட்டான்.”

“ஆளு எப்படி?”

“ஒனக்குத் தெரிஞ்சவன்தான்.”

அந்தப் பாடத்தில் தேறிவிட்டேன். போன் இன்றும் அதே கேள்வியைக் கேட்கிறது. யாரையாவது சந்தேகப்படத் தோன்றினால், இப்போதெல்லாம் என்னிடமிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அன்று உள்ளே நுழையப் பார்த்ததும் நான்தான், விடாமல் தடுத்ததும் நான்தான்.