மாடசாமி மகன்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும் முன் உறவினர்கள் சிலர், "அட்டைல அந்தப் பட்டப்பேரையும் போடும்மா, இல்லாட்டி யாருன்னு ஒருத்தருக்கும் வெளங்காது" என்றார்கள். நான் போடவில்லை. ஏன் என்பதை மூத்த மகளாகிய நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா பிறந்தது அச்சங்குளத்தில், நிலமில்லாத குடும்பத்தில். அப்பாவின் தாத்தா, ரயில் பாதைக்கு நிலம் அளக்க வந்த ஈவான்ஸ் என்ற வெள்ளைக்காரரிடம் அளவுச் சங்கிலி சுமந்தவர். ஊர் அவரை 'ஈவான்சு ஆளு' என்றது. துரை கப்பலேறிப் போன பிறகும் பெயர் இங்கேயே தங்கி, எங்கள் வீடு 'ஈவான்சு வீடு' ஆனது. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அப்பா கொஞ்சம் சிவந்த நிறம். அந்த நிறத்தையும் இந்தப் பெயரையும் முடிச்சுப் போட்டு, எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பெயரால் அழைத்தால் அப்பா திரும்பிப் பார்க்க மாட்டார். "எங்கப்பன் பேரு மாடசாமி. மாடசாமி மகனேன்னு கூப்பிடு, வாரேன்" என்பார்.

மழை பொய்த்துப் பிழைப்புக் கெட்டதும் நாரணாபுரத்துக்குக் குடிவந்து பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் குலசாமி பெயரைத்தானே எல்லாருக்கும் வைப்பார்கள், அப்பாவின் பெயரிலேயே அங்கே இன்னும் சிலர் இருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்லக் கேட்டு, அடையாளத்துக்காகப் போர்மேன் 'ஈவான்சு' என்பதைப் பிடித்துக்கொண்டார். எங்களைப் படிக்கவைக்க வேண்டுமே என்று அப்பா வேலை நேரத்தில் மட்டும் அதற்குப் பதில் சொன்னார். கம்பெனி கேட்டைத் தாண்டிவிட்டால் மறுபடி காது கேட்காது. வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்ததே இல்லை.

திருத்தங்கல் அச்சகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அங்கிருந்த கம்ப்யூட்டரில் ஒருநாள் தேடிப் பார்த்தேன். ஈவான்ஸ் என்பது வேல்ஸ் என்ற நாட்டில் வழங்கும் பெயர். முன்காலத்தில் அங்கே குடும்பப் பெயரே கிடையாதாம். நம் இனிஷியல் போல, இன்னார் மகன் என்று அப்பன் பெயரைச் சொல்வார்களாம். ஈவான் மகன் என்பது நாளடைவில் ஈவான்ஸ் ஆகி, பரம்பரைக்கே நிலைத்துவிட்டதாம். அப்பாவிடம் சொன்னால் மனம் ஆறும் என்று நினைத்தேன்.

"அந்தாளும் அப்பன் பேரைச் சொன்னவருதான். எனக்குத்தான் அடுத்தவன் அப்பன் பேரு" என்று சொல்லி, பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

தீபாவளிச் சீசனில், கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் தீப்பிடித்தது. அப்பாவைத் தூக்கிப்போனவர்களுக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. ஆஸ்பத்திரியில் 'ஈவான்சு' என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைத் தூக்க ஓடினார்கள். பின்னால் போன நாங்கள் ரேஷன் கார்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டோம். அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "இங்கன இல்லைன்னா எங்கனயோ உசிரோட இருக்காகடி" என்றார். ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்குமாக அலைந்தோம். வாழ்நாளெல்லாம் ஒதுக்கிவைத்த பெயர் அன்று எங்கள் வாயில் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அப்பாவோடு வேலை பார்த்த ஓர் அக்காதான், "ஈவான்சுன்னு கேட்டீகளா?" என்றார்.

நாங்கள் காலையில் நின்று கேட்ட அதே கதவுக்கு உள்ளேதான் அப்பா இருந்தார். பெயரை வைத்துக் கிறிஸ்தவர் என்று நினைத்து நர்ஸம்மா ஒரு போதகரை அழைத்திருந்தார். அவர் கட்டிலருகே ஜெபித்துக்கொண்டிருந்தார். அப்பாவால் கண்ணைத் திறக்க முடியவில்லை. என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார்.

"வந்துட்டீகளா. தண்ணிக்காக அந்தப் பேருக்குச் சரின்னேன்மா. போகயிலயாச்சும் மாடசாமி மகன்னு சொல்லி அனுப்புங்க."

மறுநாள் காலையில் அப்பா காலமானார்.

நெருப்புக்குள் போய் அப்பாவைத் தூக்கிவந்த தொழிலாளர்களுக்கும், வழிகாட்டிய அக்காவுக்கும், வாயில் தண்ணீர் விட்ட நர்ஸம்மாவுக்கும், முன்பின் தெரியாதவருக்காக ஜெபித்த போதகருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அட்டையில் அப்பா பெயருக்கு முன்னால் வெறும் இனிஷியலாக இல்லாமல், 'மாடசாமி மகன்' என்று முழுதாகவே போட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும், மாடசாமி மகன் வீடு எது என்று கேளுங்கள். யாருக்கும் தெரியாது. அப்படி ஒருவர் இல்லை என்றுகூடச் சொல்வார்கள். இருந்தாலும் அப்படியே கேளுங்கள்.