நான் சுத்தம் செய்த பிளாட்

முதல் நாள் அங்கே இருந்தவர்கள்: ஆராய்ச்சி மேடம். சூப்பர்வைசர் செல்வம். டேப் பிடிக்க வந்த காளியம்மா. ஆடு மேய்க்கும் சின்னையா அண்ணன், யாரும் கூப்பிடாமல் வந்து நின்றவர். நான்.

நார்த்தாமலைக்குக் கிழக்கே, தைலமரம் வெட்டிய பொட்டல். இந்த வேலைக்கு முன் ஒன்பது வருஷம் நாற்றங்காலில் பாக்கெட்டுக்கு மண் நிரப்பினேன், களை எடுத்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. செடிப் பெயர் தெரியும் என்று என்னைச் சேர்த்தார்கள்.

இருபது மீட்டருக்கு இருபது மீட்டர் அளந்து, நாலு மூலைக்கும் கல் நட்டோம். அதுதான் பிளாட்.

"இதுல என்ன மேடம் நடப்போறோம்?"

"ஒண்ணும் நடப்போறதில்ல. தானா என்ன வருதுன்னு வருசா வருசம் எண்ணப் போறோம்."

சின்னையா அண்ணன் சிரித்தார். "சும்மா கெடக்குற எடத்தைப் பாக்கச் சம்பளமா? நான் முப்பது வருசமா ஓசியிலயே பாக்குறேனே ஆத்தா."

மழை முடிந்து தையில் எண்ணுவோம். முதல் வருஷம் புல், ஆவாரை, தைலக்கட்டையில் தளிர். இரண்டாம் வருஷம் கட்டைகளைச் சுற்றிச் சூரைமுள் ஏறியது. மூன்றாம் வருஷம் வீரைக் கன்று பத்தொன்பது. வீரை மரத்தைக் கோயில்காட்டில்தான் பார்த்திருக்கிறேன். அது அங்கிருந்து ஒரு மைல். விதைக்குக் கால் கிடையாது. எப்படி வந்தது என்று எனக்கு ஒரே யோசனை.

அந்த மாசியில் செல்வம் வந்து சொன்னான். "அக்கா, பணம் தர்ற ஆபீஸ்லேருந்து ரெண்டு பேரு வாராங்க. அவங்க பாத்துச் சரின்னாத்தான் அடுத்த வருசம் வேலை. பிளாட்டைப் பாத்துக்கங்க."

நான் பார்த்துக்கொண்டேன். காளியம்மாவும் நானும் இரண்டு நாள் அரிவாளோடு நின்றோம். சூரை முழுக்க வெட்டி அப்புறப்படுத்தினோம். வீரைக் கன்றை மட்டும் விட்டு, ஒவ்வொன்றுக்கும் பாத்தி கட்டினேன். மூலைக்கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். நாற்றங்காலில் அப்படித்தான் செய்வோம்.

ஆட்கள் வருவதற்கு முதல் நாள் செல்வம் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"தானா வர்றதை எண்ணுற எடத்துல கை வச்சுட்டீங்களேக்கா. ஒங்க வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு. யாரும் கேட்டா, சின்னையா ஆட்டுப்பட்டிக்கு வேலி அடைக்க முள்ளு வெட்டிட்டாருன்னு சொல்லிருங்க."

சொன்னால் அவரை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். அவருக்கு நாற்பது ஆடு. வேறு மேய்ச்சல் கிடையாது.

மறுநாள் மேடம் அந்த இரண்டு பேரோடு வந்தார். பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு வெட்டுனது?"

செல்வம் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். "நான்தான் மேடம்."

"ஏங்க?"

"பெரிய ஆளுக வந்தா வாசலைக் கூட்டுவோம்ல."

வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. ஒரு பாத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இந்தக் கன்னு எல்லாம் எங்க நின்னுச்சு?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. பத்தொன்பதும் முள்ளுக்குள் நின்றவை. சூரைப்பழம் தின்ன வரும் குருவி, கோயில்காட்டில் வீரைப்பழமும் தின்றுவிட்டு வந்து இங்கே எச்சம் போட்டிருக்கிறது.

மேடம் வந்தவர்களோடு தனியாகப் பேசிவிட்டு வந்தார். "இதை அப்படியே விடுங்க. தண்ணி ஊத்தக்கூடாது. முள்ளு போனா என்ன ஆகுதுன்னு இதுலயும் எண்ணுவோம்." வடக்கே முள்ளோடு இன்னொரு பிளாட் அளந்தோம். சூரைக்குள் கை விட்டு எண்ணினேன். கை கிழிந்தது. அங்கே வீரை இருபத்தொன்று.

வேலை போகவில்லை. பங்குனி வெயிலில் என் பாத்திக் கன்றுகள் வாடின. நுனியெல்லாம் ஆடு கடித்திருந்தது.

"முள்ளுக்குள்ள இருந்தா எங்க ஆடு மூக்கை விடாது," என்றார் சின்னையா அண்ணன். "நீதான் தட்டுல வச்சுக் குடுத்துட்டியே ஆத்தா. வேணும்னா இனிமே இங்கிட்டு ஓட்டலை."

"இல்லண்ணே. எப்பவும் போல ஓட்டுங்க. இல்லேன்னா கணக்குத் தப்பிரும்."

சொல்லிவிட்டேன். மனசு கேட்கவில்லை. ஒரு நாள் குடத்தில் தண்ணீர் கொண்டுபோனேன். கல்லுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

இது எட்டாவது வருஷம். முள் பிளாட்டில் வீரை என் தலைக்கு மேல் போய்விட்டது. அதன் நிழலில் சூரை காய்கிறது. காத்து வளர்த்த முள் தானாகவே போகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரியவில்லை. பார்க்கவேண்டும்.

புதிதாக எண்ண வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பென்சில், நூல், டேப் கொண்டுபோங்கள். அரிவாள் வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்தத் தையில் எண்ணியது. முள் பிளாட், வீரை முப்பத்தேழு. நான் சுத்தம் செய்த பிளாட், வீரை இரண்டு.