மெழுகில் என் ஈரல்

என் கல்லீரலில் ஒரு துண்டு ஒரு பகல் முழுக்க மாதாவுக்குச் சொந்தமாக இருந்தது.

நான் சமயநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்து எழுத்தர். முதலில் மண்டையோட்டில் ஒரு வலி, பிறகு தீராத தாகம், கடைசியில் கண்ணெல்லாம் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. நான் ரகசியமாகக் குடிக்கிறேன் என்று ஆசிரியர்களில் பாதிப் பேர் முடிவு செய்தார்கள். மீதிப் பேர் எங்கே குடிக்கிறேன் என்று விசாரித்தார்கள்.

மதுரையில் பார்த்த டாக்டரம்மா ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய ஒரு வகை உயிரணு தறிகெட்டுப் பெருகி, எலும்பு, தோல் என்று கண்ட இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். ரொம்ப அபூர்வம் என்றார். அதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அது ஈரலிலும் உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. உட்கார்ந்திருந்தால் அதற்கு மருந்து உண்டு. மஞ்சளுக்கு வேறு காரணம் என்றால் அதே மருந்து ஈரலை இன்னும் கெடுத்துவிடும். ஊசியால் குத்தி நூல் நறுக்கு அளவு சதை எடுத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, சோதித்துப் பார்க்கச் சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லி என் கையிலேயே கொடுத்தார்கள். "வெயில் படாம வச்சுக்கங்க, உருகிரும். உங்களுக்கு ரத்தம் சரியா உறையல, மறுபடி குத்த முடியாது" என்றார் டாக்டரம்மா.

அன்று என் மாமியார் திருமங்கலத்திலிருந்து வந்திருந்தார். முழங்கால் வலி தீர்ந்ததற்கு அவர் ஊர்க் கோயில் மாதாவுக்கு வெள்ளிக்கால் வைத்தவர். எனக்காக நேர்ந்துகொண்டு கடை கடையாகத் தேடியிருக்கிறார். கண், கை, கால், இருதயம் எல்லாம் இருந்தன. ஈரல் இல்லை. அந்த நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ் மேல் இருந்த கவரைக் காட்டி என்னவென்று கேட்டார்.

"அவுக ஈரல்மா. மெழுகுல வச்சுக் குடுத்திருக்காக" என்றாள் என் மனைவி.

மறுநாள் காலை மாமியார் ஊருக்குப் போனார். மதியம் கவரைத் தேடினோம். மனைவி போன் போட்டாள்.

"காணிக்கைப் பெட்டியில போட்டுட்டேன்டி. ஆஸ்பத்திரியிலயே வேணாம்னு குடுத்துட்டாகல்ல?"

யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு சொல்ல முடியவில்லை.

கோயிலில் அது இரும்புப் பெட்டி. பக்கத்திலேயே மெழுகுவர்த்தி ஏற்றும் மேடை. மே மாதம். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று சாமியாரிடம், இன்னொன்றை வைத்திருந்த பெரியவர் அலங்காநல்லூரில் கல்யாண வீட்டில் இருந்தார். எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளை யாருடைய வேண்டுதலும் அணைந்துவிடாமல் ஒவ்வொன்றாக மேடையின் மறுகோடிக்கு நகர்த்தினேன். மாமியார் பெட்டிக்கு முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார். அழுதுகொண்டும் இருந்தார்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தபோது சில்லறைக்கு நடுவே கட்டி கிடந்தது. ஒரு மூலை மட்டும் மழுங்கியிருந்தது. மாமியார் முழங்காலிட்டார். "தாயே, சோலி முடியவும் திருப்பித் தந்துர்றேன்."

ஈரலிலும் இருப்பது அதுதான் என்று சென்னையில் சொன்னார்கள். மருந்து ஏறுகிறது. மெழுகுக் கட்டி எங்களிடமே திரும்பி வந்தது. டாக்டரம்மா அதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார், மறுபடி தேவைப்படலாமாம். இனி வேண்டாம் என்று அவர் சொல்லும் நாளில்தான் மாமியார் அதைக் காணிக்கை வைக்க முடியும். அதுவரை எங்கள் ஃப்ரிட்ஜில், முட்டைக்குப் பக்கத்தில்.

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் மாமியார் என் முகம் பார்த்துப் பேசியதில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான். இப்போது மாதாமாதம் வருகிறார். ஃப்ரிட்ஜைத் திறந்து, குனிந்து, முட்டை வரிசையிடம் கேட்பார்: "இப்ப எப்பிடி இருக்கு?"

பதில் வரும்வரை கதவைச் சாத்தமாட்டார்.

"தேவலத்தே" என்பேன் கூடத்திலிருந்து. தேவலையாக இல்லாத நாட்களிலும் அதையேதான் சொல்கிறேன்.