ஏழு ஊசியும் ஒரு கையும்

போன சனிக்கிழமை ஈப்போவில் நல்ல மழை. ஒதுங்குவதற்காக ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தேன். முன் கௌண்டரில் யார் தெரியுமா? எங்கள் பக்கத்து வீட்டு இந்திராணி! இரண்டு கைகளாலும் துணியை விரித்து, அளந்து, சர்ரென்று கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்... மழையை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா?

இந்திராணி சுங்காய் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வேலை தேடி வந்தவள். இடது கன்னம் முழுக்கப் பரு விட்டுப்போன குழிகள். யாராவது எதிரில் வந்தால் போதும், இடது கை தானாகக் கன்னத்தை மூடிவிடும். இதே கடையில்தான் அவளுக்குப் பின்னறையில் துணி மடிக்கிற வேலை. முன் கௌண்டருக்கு வரக் கொள்ளை ஆசை.

"இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எப்படிக்கா முன்னால நிக்க விடுவாங்க?" என்று என்னிடம் அழுதிருக்கிறாள்.

காம்பாரில் ஒரு சின்சே — சீன வைத்தியர் அம்மாள் — இருப்பதாகக் கேள்விப்பட்டோம். ஏழு ஊசிகள் பதித்த சின்னச் சுத்தியலால் தட்டினால் புதுத் தோல் வருமாம். இந்திராணியும் நானும் பஸ் ஏறினோம். துணைக்கு அவள் அண்ணன் குணா. தைப்பூசத்துக்குக் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பவர். ஊசியெல்லாம் தனக்குத் தூசு என்று வழி நெடுகப் பேசினார். வெளியே பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் சுண்ணாம்பு மலைகள் தலைகீழாக மிதந்தன. இந்திராணி அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். கை மட்டும் கன்னத்தில்.

சின்சே சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். டொக்... டொக்... தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். மருந்து வேர்களின் வாசம். எனக்கே கண் சொக்கியது. கன்னத்தில் பொட்டுப் பொட்டாக இரத்தம் துளிர்த்தது.

"எறும்பு கடிக்கிற மாதிரி இருக்குக்கா," என்றாள் இந்திராணி.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். குணா அண்ணே தரையில்!

தண்ணீர் தெளித்து எழுப்பினோம். "வேல் குத்துற ஆளு, இதுக்கா விழுந்தீங்க?" என்றேன்.

"அப்ப சாமி வந்திருக்கும் லா! இப்ப முழிச்சிக்கிட்டுல்ல இருக்கேன்!"

சின்சே விவரமாகத்தான் சொன்னார். சில நாள் சிவந்து எரியும், தோல் உரியும், வெயில் ஆகாது. பல தடவை வரவேண்டும். குழிகள் கொஞ்சம் மேலே வரும், அடியோடு மறையாது. எல்லாவற்றுக்கும் மேல் — "ஜாங்ஙான் பெகாங்!" தொடாதே!

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சும்மா இருப்பாரா? அலகை எடுத்ததும் திருநீறு வைத்து அமுக்குவார்களே... அதே பழக்கத்தில் ஒரு பிடி அள்ளித் தங்கச்சி கன்னத்தில் அப்பிவிட்டார்.

"என் கன்னத்தப் பாரு, தழும்பு இருக்கா?"

மறுநாள் அவள் கன்னம் பணியாரமாக வீங்கியிருந்தது. மறுபடி காம்பார். சின்சே மலாயில் பொரிந்து தள்ளினார். மருந்து கொடுத்துவிட்டு, மாதம் முடியும்வரை கை முகத்துப் பக்கமே போகக்கூடாது என்று கறாராகச் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்குக் காவல் வேலை. கை கன்னத்துக்குக் கிளம்பும். "ஜாங்ஙான் பெகாங்!" என்பேன். பாதி வழியில் நின்று, எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்சம் மிதந்துவிட்டு மடியில் இறங்கும். நாள் போகப்போக அது கிளம்புவதையே மறந்தது.

சனிக்கிழமை கௌண்டரில் அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். குழிகள் அப்படியேதான் இருக்கின்றன. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். ஆனால் அவள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளியிடம் மெல்லக் கேட்டேன். "தழும்பு கொறஞ்சதும் முன்னால விட்டுட்டீங்க போல?"

"தழும்பா? என்னா தழும்பும்மா? துணி அளக்க ரெண்டு கை வேணும். இந்தப் புள்ள எப்பவும் ஒரு கைய மூஞ்சில வச்சிக்கிட்டுல்ல இருந்துச்சு!"

காம்பாருக்குப் பஸ் ஏறலாமா என்று யோசிக்கிறீர்களா? எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். ஊசி பட்டது கன்னத்தில்... குணமானது கை!