வெளித்தாழ்ப்பாள்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது கேள்விப்பட்ட கதை இல்லை. என் தங்கையைக் கட்டியவனுக்கு நடந்தது. அவனை நாங்கள் பூட்டு மச்சான் என்போம். எந்தக் கதவைப் பூட்டினாலும் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டான். பாலைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவான். அப்பேர்ப்பட்டவன் வீடு வாங்கும்போது கோட்டை விட்டான்.

தங்கைக்கு நிறைமாதம். வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஓர் அண்ணனும் தம்பியும் தங்கள் பழைய வீட்டை விற்க வந்தார்கள். மூலப் பத்திரம் சரி. கடன், வழக்கு எதுவும் இல்லை. பத்திரத்தைப் பார்த்த வக்கீலம்மா மட்டும் ஓர் இடத்தில் விரலை வைத்தார். இவர்களுக்கு ஓர் அக்கா. சாகும்வரை அந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு என்று தாய் எழுதிவைத்திருந்தாள். அவள் செத்துவிட்டாள் என்றார்கள் இருவரும்.

"அக்கா செத்துட்டாங்கன்னா இறப்புச் சான்றிதழ் எங்க?"

"அது வர நாளாகும்மா," என்றான் தம்பி. சொல்லும்போதே பொலபொலவென்று அழுதான்.

மச்சான் உருகிப்போனான். "அழுறவங்ககிட்ட போய் காகிதம் கேக்கறதா மேடம்? அப்புறம் வாங்கிக்கலாம்."

பத்திரம் பதிவானது. சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது தம்பி அவனைத் தனியாகக் கூப்பிட்டான்.

"பின்பக்க ரூமை மட்டும் திறக்காதீங்க. அக்கா உசுரு அங்கதான் போச்சு. இன்னும்... அவங்க போகல."

மறுநாள் மதியம் ரெண்டரை மணி. கொளுத்தும் வெயில். வீட்டை அளக்க மச்சான் தனியாகப் போனான்.

கூடத்தில் புதுச் சுண்ணாம்பு வாசனை. அதற்கடியில் வேறொரு நாற்றம். சமையல் மேடையில் ஒரு டம்ளர். அடியில் கொஞ்சம் தண்ணீர். பூட்டிக் கிடந்த வீட்டில் யார் குடித்தது?

பின்னறைக் கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அதில் பளபளவென்று புதுப் பூட்டு.

பழக்க தோஷம். இழுத்துப் பார்த்தான்.

டக்... டக்... டக்.

உள்ளிருந்து யாரோ கதவை இழுத்தார்கள்.

டக்... டக்... டக்.

பிறகு இருமல். வறட்டு இருமல்.

"தண்ணி..."

மச்சான் தெருவுக்கு ஓடிவந்து தம்பிக்குப் போன் போட்டான்.

"அக்காதான். நான்தான் சொன்னேன்ல? பதில் பேசிடாதீங்க. பிள்ளை பிறக்கப்போற வீடு."

பிள்ளை என்ற ஒரு சொல் போதும். கடைக்குப் போய் இன்னொரு பூட்டு வாங்கிவந்தான். பெரிய பூட்டு. உள்ளே அழும் சத்தம் கேட்கக் கேட்கப் பூட்டினான். அப்போதும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தான், பாவி!

எங்களிடம் மூச்சுவிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் வக்கீலம்மா கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"ஆபீஸ்ல தேடிப் பாத்துட்டேன். அந்தப் பேர்ல சாவே பதிவாகல. அந்தம்மா எங்க?"

மச்சான் அப்போதுதான் எங்களிடம் எல்லாவற்றையும் கொட்டினான்; போலீசைக் கூப்பிட்டோம்.

போலீஸ் இரண்டு பூட்டையும் உடைத்தபோது நானும் அங்கே நின்றேன். அவள் கதவை ஒட்டியே கிடந்தாள். அண்ணனும் தம்பியும் அதற்குள் கம்பி நீட்டியிருந்தார்கள்.

டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

"உயிர் போனது நேத்து ராத்திரிதான்."

இறப்புச் சான்றிதழ் இப்போது வந்துவிட்டது. அவள் உரிமை அவள் உயிரோடு போனது. "இனி வில்லங்கமே இல்ல. வீடு முழுக்க உங்களுது," என்றார் வக்கீலம்மா, மச்சான் முகத்தைப் பார்க்காமல்.

போக வேறிடம் இல்லை. பச்சைக் குழந்தையோடு அங்கேதான் இருக்கிறார்கள். எல்லாத் தாழ்ப்பாளையும் மச்சான் கழற்றிவிட்டான். பின்னறைக்குக் கதவே கிடையாது.

மதியம் ரெண்டரைக்குக் கேட்கிறது. நானே என் காதால் கேட்டேன்.

டக்... டக்... டக்.

மச்சான் டம்ளரில் தண்ணீரோடு ஓடுகிறான்.