வெயில் ஏறாத உடம்பு

எங்கள் வீட்டில் யாரும் பண்ணையாட்களை வெறுத்ததாக எனக்கு நினைவில்லை. அதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. சித்திரையில் தண்ணீர் வற்றியதும் வாய்க்காலில் தூர் வாருவார்கள். ஆளுக்கு அளந்துவிட்ட நீளம் முடியும்வரை பூவரச நிழலுக்கு வரக்கூடாது. குடவாசல் பக்கம் எங்கள் பண்ணையில் அதுதான் வழக்கம். அப்பா குடைக்கடியில் நின்றுகொண்டு பெருமையாகவே சொல்வார்: "அவனுங்க ஒடம்பே வேறடா. வெயில் ஏறாது. நாமளா இருந்தா சுருண்டுடுவோம்."

தாத்தா காலத்துக்கும் முன்னால் நிலத்தை விற்றால் அதில் உழைத்தவர்களையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார்களாம். ஒரு மனிதனை மாடாக வைத்துக்கொள்ள வேண்டுமானால், அவன் உடம்பு நம் உடம்பில்லை என்று முதலில் நம்பித்தானே ஆகவேண்டும்! நானும் நம்பினேன். என்ஜினீயரிங் படித்து முடித்த பிறகும் நம்பினேன், வெட்கக்கேடு.

தொண்ணூறுகளில் வளைகுடாவுக்குப் போய்க் கட்டட வேலையில் சூப்பர்வைசர் ஆனேன். ஒரு விடுமுறையில் ஊர் வந்தபோது, அப்பாவிடம் தூர் வாரிய ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"சின்னய்யா, எனக்கும் ஒரு விசா பாத்துக் குடுங்க. பொண்ணு நர்ஸுக்குப் படிக்கணும்ங்குது."

வாங்கிக் கொடுத்தேன். ஊர் என்னைப் புகழ்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே கோடை உச்சத்தில் கம்பியைத் தொட்டால் தோல் உரியும். மதியத்தில் வேலையை நிறுத்துவதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. வெள்ளைக்கார மேலாளர் என்னைக் கேட்டார்: "உங்கள் ஆட்களின் கறுப்புத் தோலை வெயில் ஒன்றும் செய்யாதாமே?" நான் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, அப்பா சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவர் கண்ணுக்கு நானும் அந்தத் தோல்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மதிய வேலை தொடர்ந்தது.

மூன்றாம் நாள், நான் விசா வாங்கிக் கொடுத்த ஊர்க்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தல சுத்துதுங்க. மத்தியானம் மட்டும் உள்வேல எதாவது போட்டுக் குடுங்களேன்."

நான் சிரித்தேன். "சித்திர வெயில்ல தூர் வாருன ஆளு நீ. இதெல்லாம் ஒனக்கு ஒரு வெயிலா?"

அவரும் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அன்று மூன்று மணிக்குச் சாரத்தடியில் விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

சவப்பெட்டியோடு ஊருக்கு நான்தான் வந்தேன். அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன்; கேட்கவில்லை. "அந்த வெயில் அவருக்குத் தாங்காதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்க" என்று இழுத்தேன். அவர்கள் தெருவில் ஒருவரிடம் நான் மரியாதையாகப் பேசியது அன்றுதான்.

அந்த அம்மா அழவில்லை. என்னை நேராகப் பார்த்தார்.

"அவருக்கு என்னைக்குமே வெயில் ஆவாதுங்க. தூர் வாருற நாளெல்லாம் வாந்தி எடுத்துட்டுத்தான் வந்து படுப்பாரு. ஒங்க அப்பாகிட்ட எத்தன தடவ சொல்லியிருக்காரு, நீங்களும் பக்கத்துலதான் நிப்பீங்களாம்."