அப்புராணி உடைத்த ரஸ்க்

திருநகரில் ஜெஸியின் குடும்பத்தில் பிறப்பவர்கள் டீச்சர் ஆவார்கள். ஆகாதவர்கள் டீச்சரைக் கல்யாணம் செய்துகொள்வார்கள். ஜெஸி மட்டும் மரம் வேகவைக்கப் போனாள்.

ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் அவளுடைய இரும்பு அறை இருக்கிறது. பலகைகளை அதில் அடுக்கி, கதவை இறுக மூடி, தீப்பிடிக்காமலிருக்க நீராவியைச் செலுத்தி, இருநூறு டிகிரி வரை சூடேற்றுவாள். வெளிறிய வாகைப் பலகை உள்ளே போகும். கருப்பட்டி நிறத்தில், கருப்பட்டி வாசனையோடு வெளியே வரும். அதன்பிறகு மழைக்கு உப்பாது, வெயிலுக்குச் சுருங்காது, லேசில் மக்காது.

அம்மா தெரசாவுக்கு இது பிடிபடவே இல்லை.

"நல்ல மரத்தை ஏன்டி தீய்க்கிற?"

"பன்னு ரெண்டு நாள்ல பூசணம் பிடிச்சுரும்மா. அதையே சுட்டு ரஸ்க் ஆக்குனா மாசக்கணக்கா கெடாது. அம்புட்டுத்தான்."

"ரஸ்க் படக்குனு ஒடஞ்சுருமே?"

"கதவை யாரும்மா ஒடிச்சுத் திங்கப் போறா?"

இந்தப் பேச்சு எப்படியோ வெளியே கசிந்து, அவள் 'ரஸ்க் ஜெஸி' ஆகிவிட்டாள்.

அலங்காநல்லூர் முத்திருளன் அவளைத் தேடி வந்தது அந்தப் பேரைக் கேட்டுத்தான். விவசாயி, புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் வாயால் ஒரு கதவை நல்ல கதவு என்று சொல்லிவிட்டால், அந்தத் தெருவே ஜெஸியிடம் வந்துவிடும். ஆனால் அவர் கதவைக் கேட்கவில்லை.

"மொதல்ல மாடு கட்ட ஒரு தறி செஞ்சு குடு பாப்பா. மண்ணுக்குள்ள இருக்க பாகம் சாணியும் தண்ணியும் பட்டு வருசா வருசம் மக்கிப் போகுது. இது நின்னுச்சுன்னா கதவு, சன்னலு எல்லாம் ஒனக்குத்தான். நல்லா கருகருன்னு, எங்க அப்புராணி நெறத்துல இருக்கணும்."

அப்புராணி என்பது அவருடைய ஜல்லிக்கட்டுக் காளை. பேரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

வெந்த மரம் திடீர் இழுப்பைத் தாங்காது என்று ஜெஸிக்குத் தெரியும். சொல்லவும் வாயெடுத்தாள். அதற்குள் புது வீட்டின் சன்னல்கள் எல்லாம் வரிசையாக அவள் கண்முன் வந்து நின்றன. தடித்த கட்டைதானே, தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கருப்பு கேட்டாரே என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வேகவைத்தாள். நிறம் ஏற ஏற மரம் நொறுங்கும் தன்மையும் ஏறியது.

ஐப்பசியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துத் தறியை ஊன்றினார்கள். அடைமழைக்கும் அது அசையவில்லை. முத்திருளன் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திக் காட்டினார்.

மாட்டுப் பொங்கலன்று அப்புராணியைக் குளிப்பாட்டிப் புதுக்கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு வெடி வெடித்தது. காளை ஒரே இழுப்பு இழுத்தது. டக்! தறி நாராகக்கூடக் கிழியவில்லை. கத்தரித்தது போல ஒடிந்தது. அப்புராணி பாதித் தறியைக் கயிற்றில் இழுத்தபடி தெருவைக் கடந்து, டீக்கடை முன்னால் போய் நின்றது.

"அண்ணே, ஒங்க ரஸ்க்கு தானா டீக்கடைக்கு வந்துருச்சுண்ணே!" என்றார் கடைக்காரர், பின்னால் ஓடிவந்த முத்திருளனிடம்.

போன் வந்ததும் ஜெஸி ஸ்கூட்டியை விரட்டினாள். கட்டைக்குள் கணு இருந்தது என்று சொல்லிவிடலாம் என வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். வாசலில் முத்திருளனின் மனைவி செல்லத்தாய் நின்றிருந்தார்.

"வா தாயி. டீ சொல்லவா? தொட்டுக்க ரஸ்க் நம்மகிட்டயே கெடக்கு."

ஜெஸிக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வாயால், உள்ளேயிருந்து வந்த முத்திருளனிடம் பொய் சொல்ல வரவில்லை.

"மரத்து மேல குத்தமில்லண்ணே. வேகவச்ச மரம் இழுப்பு தாங்காது. தெரிஞ்சேதான் செஞ்சேன். ஒங்க வீட்டுக் கதவு கெடைக்கும்னு ஆசை."

முத்திருளன் மண்ணுக்குள் நின்ற அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினார், நகத்தால் கீறினார், முகர்ந்தும் பார்த்தார்.

"இம்புட்டு மழைக்கும் ஊறலயே!"

"ஊறாது. கரையானுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல, அதையும் இப்பவே சொல்லிர்றேன்."

"அதுக்கு நான் மருந்தடிச்சுக்கிறேன். கதவுல நான் மாட்டைக் கட்ட மாட்டேன், நீ செஞ்சு குடு. தறிக்குக் கருவேலங்கட்டை வாங்கிக்கிறேன். அதை ஒன் அடுப்புப் பக்கம் கொண்டுவரவே மாட்டேன்."

மறுவாரம் கொட்டகை வாசலில் புதுப் பலகை தொங்கியது: 'கதவு, ஜன்னல் மரம் வேகவைத்துத் தரப்படும். மாடு கட்டுவதற்கு அல்ல.'

தெரசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"மாடு எங்கடி இதைப் படிக்கப் போகுது?"

"மாட்டுக்கு இல்லம்மா," என்றாள் ஜெஸி. "எனக்கு."